வாளிக்கு ஒரு மக்

என் குரல் குழாயடியைத் தாண்டாது என்று எங்கள் லைனில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். தண்ணீர் பிடிக்க என் முறை வரும்போது யாராவது தங்கள் குடத்தை முன்னால் வைத்தால், பேசாமல் நின்றுகொண்டிருப்பேன். அதனாலேயே எனக்குத் தோட்டம் பிடிக்கும். செடிகளோடு சண்டை போட்டு முறை வாங்க வேண்டியதில்லை.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் பகுதியில், வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு கீற்று நிலம் இருந்தது. மைன்ஸ் நிலம்தான். யாரும் பட்டா கேட்டதில்லை, யாரும் போ என்று சொன்னதும் இல்லை. மைன்ஸில் தேய்ந்துபோன இரும்புக் கயிற்றைப் பிரித்து வேலி கட்டியிருந்தோம். மண்ணில் சத்து கிடையாது. தக்காளி வைத்தால் கோலிக்குண்டு அளவுக்குக் காய்த்து, அத்தோடு நின்றுவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் என் வீட்டுக்காரர் ஓர் ஆபீசர் பங்களாவில் பம்பு ரிப்பேருக்குப் போனார். அந்த வீட்டு அம்மா ஊரைக் காலி செய்துகொண்டு போகிற நேரம். தோட்டத்திலிருந்து இரண்டு வேர்த்துண்டுகளை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் அதைக் காலி டிபன் கேரியரில் வைத்துக்கொண்டு வந்தார். செடியின் பெயர் காம்ஃப்ரியாம். தின்பதற்கு இல்லை, உரத்துக்கு. இலையை அறுத்து டிரம்மில் அமுக்கி, தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். ஒரு மாதம் ஊறிய பிறகு, ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மக் மட்டும் கலந்து மற்றச் செடிகளுக்கு ஊற்ற வேண்டும். நாற்றம் அடிக்கும் என்பதை மட்டும் அந்த அம்மா சொல்லவில்லை. சொல்லியும் இவர் மறந்திருக்கலாம்.

வேரை நட்ட இரண்டு மாதத்தில் புகையிலை போலப் பெரிய இலைகள் வந்தன. தொட்டால் சொரசொர என்று இருக்கும். அறுக்க அறுக்க மறுபடி தழைத்தது. டிரம்மில் போட்டேன். மூடியைத் திறந்த அன்று, கோழி கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் அந்த வருஷம் என் தக்காளி ஒவ்வொன்றும் கைக்கு அடங்காமல் காய்த்தது. லைனில் வீட்டுக்கு நாலு கொடுத்தேன். அதனால் நாற்றத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தபோதுதான் பிரச்சினை வந்தது. அதற்கு முன் இரண்டு தடவை வேறு ஆட்கள் வந்து, காபி குடித்துவிட்டுப் போய், பதிலே சொல்லாமல் இருந்துவிட்டார்கள். அந்தப் பெண் அதன் பிறகு குழாயடிக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். அக்கா வேலி ஓரம் வந்து நின்றாள்.

"தங்கச்சி, ஞாயித்துக்கெழம வராங்க. இந்தத் தடவையும் தட்டிப் போச்சின்னா என் பொண்ணு தாங்கமாட்டா. இந்த டிரம்ம இன்னா பண்ணுவியோ, ஏது பண்ணுவியோ, இங்க இருக்கக் கூடாது."

சனிக்கிழமை மதியம் என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் டிரம்மை நகர்த்திப் பார்த்தார்கள். அசையவில்லை. மொண்டு சாக்கடையில் கொட்டிவிடலாம் என்றார் இவர். அதைக் கேட்டதும் லைன் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற ஊரில் எதையும் சாக்கடையில் கொட்ட மனசு வராது. அதிலும் தக்காளிக்கு நல்லது என்று தெரிந்த தண்ணீர். ஆளுக்கு ஒரு வாளி, குண்டான், குடம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வாளிக்கு ஒரு மக் என்று நான் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. மொண்டதை அப்படியே கொண்டுபோய், கீரைப்பாத்தி, கத்தரி, அவரைப்பந்தல், மல்லிகைக்கொடி என்று லைன் முழுக்க ஊற்றினார்கள். சாயங்காலம் டிரம் காலி. அதுவரை ஒரு மூலையில் இருந்த நாற்றம், இப்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருந்தது.

ஞாயிறு காலை குழாயில் தண்ணீர் இல்லை. கழுவிவிடவும் வழியில்லை. வீட்டுக்கு வீடு சாம்பிராணி போட்டார்கள். அதுவும் சேர்ந்து வேறு ஏதோ ஆகிவிட்டது.

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மாமாவும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மைன்ஸில் அண்டர்கிரவுண்டு வேலை. நான் அக்கா வீட்டுச் சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, எலி கிலி செத்துக் கெடக்குதா?"

அக்கா பதறிப்போய், சாக்கடை அடைத்துக்கொண்டது என்றாள். மாமா தொண்டையைச் செருமினார். சாக்கடையை இப்படி விட்டு வைக்கிற லைனில் பெண் எடுப்பதா என்று அவர் அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டது எனக்கே கேட்டது. உள்ளே அந்தப் பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நேற்று நான் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருந்தால் இது நடந்திருக்காது. தட்டோடு அவர்கள் முன்னால் போனேன்.

"சாக்கடை இல்லீங்க. என் செடி," என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி நிறுத்த முடியாது. இலை ஊறிய தண்ணீர் என்றும், ஒரு மக் ஊற்ற வேண்டியதை வாளி வாளியாக ஊற்றிவிட்டார்கள் என்றும், இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை என்றும், என்னென்னவோ சொன்னேன். அவ்வளவு பேச்சை நான் அதுவரை ஒரே மூச்சில் பேசியதில்லை.

மாப்பிள்ளை தன் அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஷிஃப்ட் முடிஞ்சி வரேனே, என் சட்டைய நீதான தொவைக்கற. அதுக்கு இது எவ்ளோவோ தேவல."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. மாப்பிள்ளை கதவுப் பக்கம் பார்த்தார். மாமாகூடக் காபியை எடுத்துக்கொண்டார்.

போகும்போது அந்த அம்மா என் தோட்டத்தைக் காட்டச் சொன்னார். மூக்கைப் பிடித்துக்கொண்டே தக்காளியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தன் வீட்டில் பத்துத் தொட்டி வைத்தும் ஒன்றும் உருப்படவில்லையாம். அடுத்த வாரமே சம்மதம் என்று ஆள் அனுப்பினார். அதோடு ஒரு கண்டிஷனும் வந்தது. சீர்வரிசையில் அந்தச் செடியும் வர வேண்டும்.

கல்யாணத்தன்று செடியைத் தூக்கிவர யாரும் முன்வரவில்லை. எல்லோரும் பட்டுப்புடவை கட்டியிருந்தார்கள். கடைசியில் என் தலையில்தான் விழுந்தது. பழத்தட்டு, பூத்தட்டு, இனிப்புத்தட்டு எல்லாவற்றுக்கும் முன்னால், பால்பவுடர் டின்னில் நட்ட காம்ஃப்ரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேளத்துக்குப் பின்னாலேயே நடந்தேன். இலை முகத்தில் உரசிக்கொண்டே வந்தது. தெருவில் நின்றவர்கள் இது என்ன செடி என்று கேட்டார்கள். எல்லோருக்கும் சத்தமாகப் பதில் சொன்னேன், வாளிக்கு ஒரு மக் என்பதையும் சேர்த்து.