அண்ணி தேர்ந்த மணற்கல்

என் உடன்பிறந்த அண்ணையை ஜெர்மனியின் ஆஹென் நகரத்தில், கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் புதைத்தோம். மண் இறுகும்வரை ஒரு வருடம் காத்திருந்தோம். பிறகு கல் வைப்பதற்காக அண்ணியும் நானும் சேமக்காலை வாசலுக்கு எதிரே இருந்த பட்டறைக்குப் போனோம். கல்லறைக் கற்கள் செய்யும் இடம் அது. நடத்தியவர் ஒரு ஜெர்மன் பெண். அண்ணியின் வயதுதான் இருக்கும். முழங்கை வரை வெள்ளைத் தூசி படிந்திருந்தது.

கறுப்புக் கருங்கல்தான் என்று சொந்தக்காரர் எல்லாரும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். கண்ணாடி போல மினுங்கும், எத்தனை காலம் போனாலும் எழுத்து அழியாது. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அண்ணியோ வரிசையாக நின்ற கற்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். மூலையில் சாய்த்து வைத்திருந்த சிவப்பு மணற்கல்லில் கையை வைத்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இது கை வைச்சால் குளிரேல்லை. மற்றதெல்லாம் ஐஸ் மாதிரிக் கிடக்கு."

பட்டறைக்காரப் பெண் எதையும் மறைக்கவில்லை. "மிருதுவான கல் இது. மழையும் உறைபனியும் தின்னும். உங்கள் காலத்திலேயே எழுத்து மங்கத் தொடங்கும்" என்றார். அண்ணிக்கு அப்போது ஜெர்மன் மொழி அவ்வளவாக வராது. நான் தமிழில் சொன்னேன்.

"பரவாயில்லை. இதுதான் வேணும், ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றார் அண்ணி.

அண்ணி பெரிய தாளில் அண்ணையின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் அதை அப்படியே படியெடுக்கவில்லை. தன் கண் முன்னால் இன்னொரு தடவை எழுதச் சொன்னார். கை எங்கே தொடங்குகிறது, எங்கே சுழிக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பிறகு பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அதில் ஒரு ழகரம் இருந்தது. நாக்கு புரளாமல் சிரித்தார். விடாமல் சொல்லிப் பார்த்தார். கல் தயாரானபோது, உளி வெட்டிய அந்தச் சுழிகளைப் பார்த்து, அண்ணையின் பெயர் இவ்வளவு வடிவானதா என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அண்ணி முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்ததும் சேமக்காலைக்குப் போவார். புல்லைப் பிடுங்கி, கல்லின் மேல் விளிம்பில் கையை ஊன்றி எழும்புவார். பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நிற்பார்.

இந்த நாட்டில் கல்லறை நிலம் நிரந்தரமில்லை. இருபது சொச்சம் வருடம் போனால் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போன இலையுதிர் காலத்தில் அந்த வரிசைக் கற்கள் எல்லாவற்றிலும் காலம் முடிந்ததென்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பக்கத்துக் கருங்கற்களில் எழுத்து நேற்று வெட்டியது போல இருந்தது. யாரும் எடுக்காவிட்டால் அவற்றையும் உடைத்து வீதிக்குச் சல்லியாகப் போட்டுவிடுவார்களாம்.

"கல்லை நான் வீட்டை கொண்டு போறன்" என்றார் அண்ணி.

கல்லைக் கிளப்ப வந்தவர் அதே பட்டறைக்காரப் பெண். தலை முழுக்க நரைத்திருந்தது. உடனே கிளப்பாமல் முழந்தாளிட்டுக் கல்லைத் தடவிப் பார்த்தார். மழை அடிக்கும் மேற்குப் பக்கத்தில் விரல் பட்டதும் ரவை போல மணிகள் உதிர்ந்தன. எழுத்துகள் ஆழம் குறைந்து வெறும் நிழலாகியிருந்தன. மேல் விளிம்பில் ஓரிடம் மட்டும் பாசி பிடிக்காமல் வழுவழுவென்று இருந்தது.

"இது மழையின் வேலை இல்லை. யாருடைய கை?" என்று கேட்டார்.

அண்ணி வெட்கப்பட்டுக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அண்ணியின் மகளும் எங்களுடன் வந்திருந்தாள். "அம்மா, எழுத்தைத் திருப்பி வெட்டச் சொல்லுவமே?"

வெட்டலாம் என்றார் பட்டறைக்காரப் பெண். ஆனால் மேற்பரப்பை ஒரு விரல் தடிப்புக்குச் சீவ வேண்டும், கை பட்ட அந்த விளிம்பும் போய்விடும் என்றார்.

"வேண்டாம்" என்று அண்ணி தானே ஜெர்மன் மொழியில் சொன்னார்.

"பேர் வாசிக்கேலாமல் போயிடுமே, அம்மா."

பட்டறைக்காரப் பெண் கையுறையைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு, மங்கிய எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். ஒவ்வொரு சுழியிலும் தயங்கி, திரும்பி, கடைசி எழுத்துவரை போனார். பிறகு அண்ணையின் பெயரைச் சொன்னார். ழகரம் பிசகவில்லை. மகள் அழுதுவிட்டாள். எத்தனையோ கற்களில் எத்தனையோ பெயர்களை வெட்டிய ஒருவர் எங்கள் பெயரை இத்தனை வருடம் நினைவில் வைத்திருந்தார்.

நாலு பேராகத் தூக்கி வான் வண்டியில் ஏற்றினோம். அண்ணி வீட்டுப் பின்தோட்டத்தில், தக்காளிப் பாத்தியை ஒட்டிக் கல்லை நட்டோம்.

இந்த வசந்தத்தில் போனபோது, உறைபனியில் கல்லின் இடது மூலையிலிருந்து ஒரு செதில் கழன்று கிடந்தது. "கூரைக்குக் கீழே தள்ளி வைப்பமோ, அண்ணி?" என்று கேட்டேன். அவர் செதிலைப் பொறுக்கினார். விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தார், செம்மணலாகிக் கொட்டியது. அதைத் தக்காளிப் பாத்தியிலேயே தட்டிவிட்டு, "சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும், உள்ளை வாங்கோ" என்றார்.