நானூறு தாம்பூலப் பைகள்

ஹேமாவதிக்கு ஊசி பிடிக்கவே பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் கைக்குட்டை தைத்துக்கொண்டு வரச் சொன்னபோது, பக்கத்துப் பெண்ணுக்குக் கணக்கு போட்டுக் கொடுத்து அவளைத் தைக்க வைத்த கெட்டிக்காரி. அப்படிப்பட்டவள், தன் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பை நானூறையும் தன் கையாலேயே தைக்கப் போவதாகச் சொன்னால், பெற்ற அப்பனுக்காவது சந்தேகம் வரவேண்டாமா? திருவேங்கடத்துக்கு வரவில்லை. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர்கள் பருத்திப்பட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். பயிர் வைத்த நிலமெல்லாம் மனையாகிப் போய், இப்போது திருவேங்கடத்துக்கு ஆவடியில் ஒரு சிமெண்ட் கடை. மகள் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அரசுத் தேர்வு எழுதினாள். இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாம் முறை நன்றாக எழுதியிருந்தாள். முடிவு மார்கழிக் கடைசியில் வரும் என்று பேச்சு.

அதற்குள் ஆனி மாதமே கிரண் என்ற வரன் வந்துவிட்டது. திருவள்ளூரில் அரிசி மண்டி வைத்திருக்கும் குடும்பம். பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் அம்மாதான் காபியை ஆற்றிக்கொண்டே, "எங்க ஊட்டு பொம்பளைங்க வேலைக்குப் போறதில்லீங்க" என்றாள். அதையும் சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும் ஹேமாவதி அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, எனக்கு வேலை கெடச்சிட்டா?"

"ஆர்டர் கையில இருந்தா நானே அவங்களாண்ட பேசறேன்மா. ஒத்துக்கலன்னா வேற எடம் பாத்துக்கலாம். வெறுங்கைய வெச்சிகினு இன்னான்னு பேசறது?"

அப்பா சொன்னதில் அவளுக்கு ஒரு வாசல் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆவணியில் முகூர்த்தம் கேட்டார்கள். அவளுக்குத் தை வேண்டும். அப்போது கண்டுபிடித்ததுதான் இந்தத் தாம்பூலப் பை. ஒவ்வொரு பையிலும் பச்சை நூலில் ஒரு மாவிலை, சிவப்பு நூலில் இரண்டு பேர் பெயரும். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் முடியாது. ஆக, எப்படியும் கார்த்திகை ஆகிவிடும். மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை.

"கடையில வாங்குனா எல்லார் ஊட்டு பை மாரியும்தான் இருக்கும். நம்ம கையால செஞ்சா வர்றவங்க பத்திரமா வெச்சிப்பாங்க" என்று அவள் சொன்னதில் மாப்பிள்ளை வீடே உருகிப்போனது. கிரணின் தங்கை இன்ஸ்டாகிராமில் வேறு போட்டாள். தை என்று முடிவானது. அன்றைக்குத்தான் ஹேமாவதி வயிறாரச் சாப்பிட்டாள்.

தைப்பது மட்டும் கசந்தது. வராமல் போகட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்த கல்யாணத்துக்கு, தன் பெயர் பக்கத்தில் அவன் பெயரைத் தானே தைக்க வேண்டியிருந்தது. சில நாள் இரண்டு பை, சில நாள் ஒன்று. புரட்டாசி பிறந்தபோது நூற்றிருபதுதான் தேறியிருந்தது. அவளுக்கு அதில் பரம சந்தோஷம்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டார்கள். பங்காளி வீட்டுப் பெண்களெல்லாம் வந்திருந்தார்கள். கொரட்டூரிலிருந்து வந்த நாகம்மாள், திருவேங்கடத்தின் அக்கா, ஹேமாவதியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, வெரலெல்லாம் சல்லடையா கீது! நாங்கல்லாம் இன்னாத்துக்கு கீறோம்?"

"வேணாம் அத்த. நானே செய்யணும்னு ஆசை."

"ஆசப்பட்டது போதும். குடுடி இங்க."

சாப்பிட்டுக் கை கழுவியதும் பதினான்கு பெண்கள், ஆளுக்கு இருபது பை. உதவி செய்ய வருகிறவர்களை எந்த வாயால் வேண்டாம் என்பது? மாடியில் குடியிருக்கும், ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பவித்ராகூட ஒரு கட்டு வாங்கிக்கொண்டு, "கம்பெனி கேப்ல போறப்ப தெச்சிடறேன்" என்றாள். ஹேமாவதி ஒவ்வொருவருக்கும் நூல் வெட்டிக் கொடுத்தாள்.

நான்காம் சனிக்கிழமை அத்தனையும் திரும்பி வந்தது. ஒருத்தி தைத்த மாவிலை பச்சைமிளகாய் மாதிரி இருந்தது. இன்னொருத்தி யாரையும் கேட்காமல் ஜிகினா ஒட்டியிருந்தாள். கூடமே சிரிப்பும் கூத்துமாக இருந்தது. பெருமை தாங்காமல் திருவேங்கடம் சம்பந்திக்குப் போன் போட்டார். பேசிவிட்டு வந்து நின்றார்.

"எல்லாம்தான் ரெடியாயிடுச்சே, தை வரைக்கும் இன்னாத்துக்குன்னு கேக்கறாங்க. ஐப்பசி இருவதாந்தேதி நல்ல நாளாம். நானும் சரின்ட்டேன்."

பெண்கள் கைதட்டினார்கள். ஹேமாவதி எழுந்து நின்றாள்.

"நைனா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

கைதட்டல் நின்றது. பிறகு ஒரே சிரிப்பு. "நாள் நெருங்குனா எல்லாப் பொண்ணும் சொல்றதுதான்" என்று நாகம்மாள் அவள் முகத்தை முந்தானையால் துடைத்தாள். துடைக்க அங்கே கண்ணீர்கூட இல்லை. ஹேமாவதி மறுபடியும் சொன்னாள். மறுபடியும் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் திருவேங்கடம் ஒருவர்தான். அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார்.

"எனக்குப் புரியுதும்மா. பைய நீ ஏன் கேட்டேன்னும் இப்பத்தான் புரியுது."

"அப்போ சொல்லிடு நைனா."

"மண்டபத்தாண்ட சொல்லிடுவேன். சமையக்காரனாண்ட சொல்லிடுவேன். மாப்ள ஊட்டுக்கே போய் கைகூப்பி நின்னுடுவேன். உங்க அத்தையாண்ட இன்னான்னு சொல்றது? ஆபரேசன் பண்ண கண்ண வெச்சிகினு இருவது பை தெச்சிகினு வந்து கீதும்மா."

ஹேமாவதி கூடத்தை எட்டிப் பார்த்தாள். உள்ளே பைகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கையால்தான் செய்ய வேண்டும் என்று கேட்டவள் அவள். பைகளைக் கடையில் சொல்லியிருந்தால் ஒரு போனில் நிறுத்தியிருக்கலாம்.