அக்காவின் வலிக்கு நான் வரைந்த கோடு

என் அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். எந்தப் பிள்ளையை எந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்தால் சண்டை வரும் என்பது வரை அவளுக்கு மனப்பாடம். அவளுக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது: கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு வெளியே வளர்ந்து வலியை மூட்டும் நோய். அவளுக்கு வலி இடது அடிவயிற்றில். கிளட்ச்சை மிதிப்பதும் இடது காலால்தான். வலி அடங்காவிட்டால் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்க வேண்டியதுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

மருத்துவர் கொடுத்த மாத்திரை தலைவலி தந்ததால் அதை நிறுத்திவிட்டு, உடன் வேலை பார்ப்பவர் சொன்ன ஹார்மோன் கிரீமை வாங்கி வந்தாள். குளித்தபின் முன்கையின் உட்புறத்தில் பட்டாணி அளவு தேய்க்க வேண்டும். நான் அப்போதுதான் புள்ளியியலில் முதுகலை முடித்திருந்தேன். பதிவு செய்யப்படாத எதுவும் உலகில் நடக்கவே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். உடனே ஒரு நோட்டுப் போட்டேன். தினமும் மாலையில், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பேன். நான்கைத் தாண்டினால் துணைக் கேள்விகள் பதினொன்று: குத்தலா, இழுப்பா, எந்தத் திருப்பத்தில் தொடங்கியது, எந்தத் திருப்பத்தில் தணிந்தது.

"வந்துட்டாங்கப்பா ஆராய்ச்சி!" என்பாள், செருப்பைக் கழற்றும்போதே. "இன்னைக்கு மூணு. போ, போய் எழுது."

முதல் மாதம் ஏழும் எட்டுமாக இருந்தது, நான்காம் மாதம் வெறும் மூன்றுகளாயிற்று. அந்த எண்களை வைத்து நோட்டில் வரைந்த கோடு இறங்கிய அழகில் நான் மயங்கிப்போனேன். ஸ்கேனுக்குக் குறித்திருந்த நாளைத் தள்ளிப்போடச் சொன்னதே நான்தான். "இவ்வளவு ஆதாரம் இருக்கு, அப்புறம் என்னக்கா பயம்?" என்றேன். அந்த வாக்கியத்தையும் தேதியிட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய பேருந்து சிக்னலில் நின்றுவிட்டது. விளக்கு மூன்று முறை பச்சையாகியும் நகரவில்லை. பேருந்தில் உடன் செல்லும் ஆயா என்னை ஃபோனில் அழைத்தார்: "அக்காவுக்குக் காலைத் தூக்க முடியலம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் அக்காவின் செருப்புமாக ஓடினேன். நோட்டை மட்டும் மறக்கவில்லை.

மருத்துவர் அதைப் பொறுமையாகப் புரட்டினார். "நல்லா வரைஞ்சிருக்கீங்கம்மா. ஆனா இந்த நோய்க்கு இந்த கிரீம் கேக்கும்னு சரியான ஆதாரம் கிடையாது. தோல் வழியா உடம்புக்குள்ள எவ்வளவு போகுதுன்னே உறுதியாச் சொல்ல முடியாது. அப்புறம் எப்படி வலி இப்படி இறங்குச்சு?"

கட்டிலில் சுருண்டு கிடந்த அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "நாலுக்கு மேல சொன்னா பதினோரு கேள்வி கேப்பா டாக்டர். வண்டி ஓட்டிட்டு வந்து யாரு பதில் சொல்றது? அதான் மூணு."

"தினமுமா?"

"ஒருநாள் மாறுதலுக்கு ரெண்டுன்னேன். அன்னைக்கு இவ முகத்தைப் பாக்கணுமே!"

அந்த நாளுக்கு நான் சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டிருந்தேன். நான்கு மாதமாகத் துல்லியமாக அளந்தது என் தொல்லையைத்தான்.

மருத்துவர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். கதவுக்கு அப்பால் அக்கா நெடுநேரம் பேசினாள். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள்; இடது சினைப்பையில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்து, வேறு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள்.

"பஸ்?" என்று கேட்டேன்.

"ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் கழிச்சுப் பாத்துட்டுச் சொல்றாங்களாம். ஓட்டலாம்னுதான் நினைக்கிறாங்க. அதுவரைக்கும் நீ என்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கக் கூடாதாம்."

"டாக்டரா சொன்னாங்க?"

"நான் சொல்றேன்டி."