தேரோடு நடந்த அக்கார்டியன்

மேடையில் பியானோ வாசிக்கிறவளுக்குக் கூட்டத்தின் முகம் தெரியாது. பக்கவாட்டில் உட்கார்ந்து, நோட்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தே பழகியவள் நான்.

போன மாதம் பாகூர் பக்கத்தில் என் சித்தி ஊரில் மாதா கோயில் தேர்த் திருவிழா. பெண்கள் தேரைத் தோளில் சுமந்துபோக, பின்னால் டிராக்டரில் ஜெனரேட்டரும் கீபோர்டும் நானும். ஒரு குறுகலான தெருவில் தேர் நுழைந்தது, டிராக்டர் நுழையவில்லை!

"எறங்கி வாக்கா! மியூசிக் இல்லாம எப்டி போறது?" தேர் சுமந்த சித்தி மகள் ரீட்டா கத்தினாள்.

ஆசைக்குக் கொண்டுவந்திருந்த அக்கார்டியனை மாட்டிக்கொண்டு குதித்து ஓடினேன். பதற்றத்தில் மேடை வேகத்திலேயே வாசித்துவிட்டேன். சுமந்தவர்களின் கால்கள் பாட்டைத் துரத்தித் தடுமாற, தேர் ஒருபக்கம் சாய்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"இன்னாக்கா இவ்ளோ வேகம்? எங்க காலப் பாத்து வாசி!" ரீட்டா மறுபடியும் கத்தினாள்.

பார்த்தேன். புழுதி படிந்த வெறுங்கால்கள், ஒன்றாக எழுந்து ஒன்றாகப் பதிந்தன. அந்த அடிக்கு ஏற்றபடி அக்கார்டியனின் துருத்தியை விரித்தேன், மூடினேன். தேர் நிமிர்ந்தது. தெருவே பாடியது! வாசலுக்கு வாசல் சிரித்த முகங்கள், அத்தனை பக்கத்தில்! கை வலித்தும் நிறுத்த மனம் வரவில்லை.

அடுத்த வாரம் நகரத்தில் கச்சேரி. பியானோ முன் உட்கார்ந்ததும், யாருக்கும் தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். வெறுங்காலால் பெடலை மிதித்துத்தான் முதல் கட்டையைத் தொட்டேன்.