தீக்கு வைத்த நல்ல தண்ணீர்

அறுபத்து மூன்றாவது வயதில் நான் ஸ்பிரிங்ளர் வேலை பழகப் போனேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் சோதனைக்குழாய்களை எண்ணி அடுக்கிவிட்டு ஓய்வுபெற்றவன். வீட்டில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல், பொரிக்கிற அப்பளத்தை எண்ண ஆரம்பித்தேன். மனைவியே எனக்கு வேலை தேடிக் கொடுத்துவிட்டாள்.

எட்டயபுரம் சாலையில் ஒரு நூற்பாலை. அதன் பஞ்சுக் கிடங்கின் கூரையில் தண்ணீர்க் குழாய்கள் மாட்டும் குழுவுக்குச் சாமான் எண்ணி எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது. தீப்பிடித்துச் சூடு ஏறினால், குழாயில் வரிசையாகத் தொங்கும் தலைகளில் உள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி உடையும், தண்ணீர் கொட்டும். ஸ்பிரிங்ளர் என்பது அவ்வளவுதான். அது கசியாமல் தொங்குவதற்குத்தான் இத்தனை பாடு.

குழுவுக்குத் தலைமை பசுவந்தனைப் பெண் ஒருத்தி. ஐ.டி.ஐ. படித்தவள், இருபத்தேழு வயது. அவள் பொறுப்பில் தனியாக நடக்கும் முதல் வேலை. எழுதுகிற ஆளுக்கும் வேலை தெரிய வேண்டும் என்பது அவள் சட்டம். குழாய் முனையின் மரையில் கசியாமலிருக்க டேப் சுற்றக் காட்டிக்கொடுத்தாள். எத்தனை சுற்று என்று கேட்டேன். மரை மறைகிற வரை என்றாள். அது எனக்குப் பதிலாகவே படவில்லை. நானாக ஒன்பது என்று வைத்துக்கொண்டு வாய்விட்டு எண்ணிச் சுற்றினேன். அண்ணாச்சி குழாய்க்கு மந்திரம் ஓதுதாரு என்று குழுவில் சொல்லிச் சிரித்தார்கள்.

குழாய்க்கு உப்புத் தண்ணீர் ஆகாது, இரும்பை அரித்துவிடும் என்று அவள் ஆலை மேனேஜரிடம் ஒற்றைக்காலில் நின்றாள். ஆலையின் போர்த் தண்ணீரோ நாக்கில் பட்டால் முகம் கோணும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு லாரி நல்ல தண்ணி வாங்கித் தொட்டியை நிரப்பினார்கள். எண்பதாயிரம் லிட்டர். தீக்கு என்று வைத்த தண்ணீர். வேறு எதற்கும் தொடக்கூடாது.

என்னிடம் ஓர் அளவுகோல் இருந்தது. மறுநாள் காலையிலிருந்து தினமும் எட்டு மணிக்கு மூடியைத் திறந்து தண்ணீரை அளந்தேன். யாரும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. புதன் ஒன்றரை. வியாழன் ஒன்றரை. தொட்டியின் நீள அகலத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் அறுநூறு லிட்டர், அதாவது நாற்பது குடம். குழாய் கசிகிறது என்று முடிவுகட்டினேன். தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் குழாய் மண்ணுக்கடியில் கிடந்தது. கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பும். புதைத்த குழாயை முறுக்கி ஒடித்துவிடும். அதற்காகத்தான் அவள் சுற்றிலும் ஆற்றுமணல் போட்டுக் குழாயைப் படுக்க வைத்திருந்தாள். இடையில் மாட்ட வேண்டிய வால்வு இன்னும் வந்து சேராததால் அடைத்துப் பார்க்கவும் வழியில்லை.

நான் செய்த தப்பு, அவளிடம் சொல்லுமுன் மேனேஜரிடம் சொன்னதுதான். அவர் அவளைக் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை இயந்திரம் வரவழைத்து நாற்பத்தாறு மீட்டரும் தோண்டப்போவதாகவும், குழாய் உடைந்திருந்தால் வேறு தலைமை ஆளை அனுப்பச் சொல்லி அவள் கம்பெனிக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். அவள் என்னைத் திட்டவில்லை. அடுத்த தடவை என் குழாய் செத்தால் முதலில் எனக்குத் துட்டிச் சேதி சொல்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

வெள்ளியும் சனியும் அதே குறைவு. ஞாயிறு ஆலைக்கு லீவு. வாட்ச்மேனிடம் கெஞ்சிக் காலையில் உள்ளே போய் அளந்தேன், அன்றும் ஒன்றரை. திங்கள் காலை மறுபடி அளந்தேன். ஒரு நூல்கூடக் குறையவில்லை. கோலைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை விட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கிற கசிவை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அன்று மாலை நாலு மணிக்குப் பம்பு அறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஷிப்டு முடிந்ததும் பெண்கள் வந்தார்கள். இருபது பேர், ஆளுக்கு இரண்டு குடம். கேன்டீனில் டீ போடும் குளத்தூர்க்காரிதான் மூடியைத் திறந்து கயிற்றில் வாளி இறக்கினாள். என் தலை தெரிந்ததும் வாளி நின்றது. அவள் வாய் நிற்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, ஒளிஞ்சு பாக்கீங்க. உள்ளதைக் கேளுங்க. ஊர்ல நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வருது. இங்கன எண்பதாயிரம் லிட்டர் சும்மா கெடக்கு. என்னைக்கோ வரப்போற தீக்கு எட்டு லாரி. தெனம் வருத தாகத்துக்கு?"

எடுத்தது குற்றம்தானே என்றேன்.

"குற்றம்னா நீங்களும்தான கூட்டு. போன வாரம் பூரா டீ நல்லாருக்குன்னு கேட்டுக் கேட்டுக் குடிச்சீங்க. எதுல போட்டேன்னு நெனச்சீங்க?"

ஏழு நாள், நாளைக்கு இரண்டு. பதினாலு கிளாஸ். அது அவள் கைப்பக்குவம் என்று வீட்டில் வேறு புகழ்ந்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜருக்கும் அதே டீதான், நாளைக்கு மூன்று கிளாஸ் என்று அவளே சேர்த்துச் சொன்னாள்.

பசுவந்தனைப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை முதலில் அவளிடம். குழாய் முழுசாக இருக்கிறது என்றதும் கீழே கிடந்த குழாய்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு, இருபது பேரையும் மாட்டிவிட்டுத்தான் நான் தலைமை ஆளாக இருக்கணுமா என்று கேட்டாள்.  கசிவு என்று சொன்ன வாயாலேயே நீங்கள் மேனேஜரிடம் கசிவு இல்லை என்று சொல்ல வேண்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

மறுநாள் இயந்திரம் வாசலில் வந்து நின்றது. மேனேஜர் அறையில், பசுவந்தனைப் பெண் பக்கத்தில் நிற்க, நான் ஞாயிற்றுக்கிழமை அளவைச் சொன்னேன். லீவு நாளில் குறையாத தண்ணீர் மண்ணுக்குள் போகவில்லை என்றேன். அப்படியென்றால் யார் எடுக்கிறார்கள் என்று அவர் குரலை உயர்த்தினார். மேஜைமேல் அவருடைய டீ ஆவி பறந்துகொண்டிருந்தது.

"சார், இப்ப ஒரு வாரமா டீ எப்படியிருக்கு?" என்றாள் அவள்.

அவர் கிளாஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். என்னை ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை. கிளாஸைத் தள்ளி வைத்தார். கொஞ்சம் கழித்துத் திரும்ப எடுத்துக் குடித்து முடித்தார்.

அதற்குப் பிறகுதான் அவள் விஷயத்துக்கு வந்தாள். பம்பை வாரம் ஒருமுறை ஓடவிட்டுச் சோதிப்பது கட்டாயம். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகும்படிதான் வரைபடத்தில் இருக்கிறது. குழாயைக் கொஞ்சம் நீட்டினால் வாசலுக்கு வரும், வேண்டியவர்கள் குடத்தில் பிடித்துக்கொள்ளலாம். தொட்டி மூடியைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளலாம், குறைகிற தண்ணீரை அன்றைக்கே லாரியில் நிரப்பிவிட வேண்டும் என்றாள். யார் எடுத்தார்கள் என்பதை அவர் மறுபடி கேட்கவில்லை. வாரம் இரண்டு தடவை சோதித்தால் பம்புக்குக் கெடுதலா என்று மட்டும் கேட்டார். நல்லது சார் என்றாள். இயந்திரம் வந்த வழியே திரும்பியது.

பதினைந்து நாளில் வால்வும் வந்து, குழாய்கள் அழுத்தச் சோதனையில் கசியாமல் நின்று காட்டின. ஒப்படைப்புத் தாளில் தலைமை ஃபிட்டர் என்ற இடத்தில் அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அன்றே முதல் சோதனை. பம்பு உறுமியது, வாசலில் தண்ணீர் பாய்ந்தது. யார் முதலில் என்ற சண்டையில் ஏட்டி, ஏட்டி என்று ஒரே சத்தம். நான் குடங்களை எண்ணினேன். நாற்பது வர வேண்டும், நாற்பத்திரண்டு வந்தது. மிச்சம் இரண்டும் குடமில்லை, மேனேஜரின் டிரைவர் கொண்டுவந்த கேன்கள். மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

"எண்ணுனது போதும் அண்ணாச்சி. வால்வை அடைங்க" என்றாள் பசுவந்தனைப் பெண்.

அடைத்தேன். பதினேழு சுற்று.