லாபம், ரெண்டு, மூணு

அறுப்புக்கு ஆள் கூட்டிப்போகிற கங்காணிகள் எல்லாரும் பேரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வருஷம் உத்தரவு வந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சீமை. ஆய்க்குடியிலிருந்து நான் வருஷா வருஷம் ஆட்களோடு அங்கே போய்வருகிறவன். அதுவரை ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

புரட்டாசி மாசம். முருகன் கோயில் வாசலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். தென்காசி தாண்டும்போது குற்றாலத்து மலையில் மேகம் இறங்கியிருந்தது. செங்கோட்டை வயலிலோ கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. அன்றைக்கே இறங்காவிட்டால் சுரண்டைக் கங்காணிக்கு வயலை விட்டுவிடுவேன் என்று நிலக்காரர் சொல்லியனுப்பியிருந்தார்.

எல்லைச் சுங்கச் சவுக்கையில் குமாஸ்தா ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மலையாளம் கலந்த பேச்சு. பேரும் ஊரும் எழுதிக்கொண்டு, ஆட்களிடம் தரகு வாங்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார். முருகன்மேல் செய்தேன். "இனி ஆளுகளை எண்ணு" என்றார்.

வரிசையில் முதலாவதாக நின்றவள் என் வீட்டுக்காரி. அவளைக் காட்டி, "லாபம்" என்றேன். அடுத்தவளுக்கு, "ரெண்டு."

பேனா நின்றுவிட்டது. "எந்து லாபம்? இப்பத்தானே சத்தியம் செய்தே. தலைக்கு எத்தற பிடிக்கும்?"

நெல் அளக்கையில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, சொன்னால் ஒற்றையாகவே நின்றுபோகும் என்று பயம்; லாபம் என்றுதான் தொடங்குவோம். ஆளை எண்ணும்போதும் எனக்கு அதே பழக்கம். எடுத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

பின்னாலிருந்து ஒருத்தி, "அண்ணாச்சிக்கு எங்களால என்ன லாபம் அய்யா? எங்க வாயைக் கேட்டு அவருக்குக் காது போனதுதான் மிச்சம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை.

"ஒண்ணுன்னு சொல்லி எண்ணு. இல்லேங்கில் திரிச்சுப் போ."

என் வீட்டுக்காரிக்கு அப்போது நாலு மாசம். முன்னால் உண்டான இரண்டும் தங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து ஒற்றையில் எப்படித் தொடங்குவேன்? திரும்பிப்போனாலோ இத்தனை பேர் அடுப்பும் எரியாது.

"நீங்க சொல்லாண்டாம்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவளே குமாஸ்தாவைப் பார்த்து, "ஒண்ணு" என்றாள். "ரெண்டு" என்றாள் அடுத்தவள். கடைசிவரை அவர்களே சொல்லிக்கொண்டு போனார்கள். சீட்டு கிடைத்தது.

மழைக்கு முன் வயலில் இறங்கிவிட்டோம். கட்டுக் கட்டும்போதெல்லாம் கண் அவளிடமே போனது.

"எதுக்கு திரும்பித் திரும்பிப் பாக்குதீய? மேகம் கறுக்குது, கட்டைத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினேன். மாசியில் பிள்ளை அழுத சத்தம் காதில் விழும்வரை, முருகா, எனக்குச் சரியான தூக்கம் இல்லை.