சாகிராவின் குடலில் ஊதாப் புள்ளிகள்

லெப்பைக்குடிகாட்டுச் சாகிராவின் வயிற்றுவலிக்கு ஊரார் வைத்த பெயர் ஏக்கம். கணவர் இலியாஸ் துபாயில் இருக்கிறார். இளம் மனைவி இங்கே இருக்கிறாள். வேறு காரணம் எதற்கு? ஒரு கல்யாண விருந்துக்குப் பின் பேதியில் விழுந்தவள் தேறி எழுந்தாள். வலி மட்டும் போகவில்லை. சோறு உள்ளே இறங்கினாலே குடலைப் பிழிந்தது. திருச்சியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் எதுவும் இல்லை.

"அண்ணன் வந்து இறங்கட்டும், வலி ஏர்போர்ட்டுலயே நின்னுடும்" என்பாள் நாத்தனார் ருமைசா.

அந்தப் பேச்சு துபாய்வரை போய்விட்டது. சனிக்கிழமை விசாவைக் கேன்சல் செய்துவிட்டு வருவதாக இலியாஸ் சொன்னார். ஆண்டுக்கணக்கில் அலைந்து பெற்ற விசா! அவர் வந்த பிறகும் வலித்தால் யார் முகத்தில் விழிப்பது?

அதற்கு முந்தின நாள், 2006ஆம் ஆண்டின் அந்த வெள்ளிக்கிழமை, பெரம்பலூர் டாக்டர் பாலசுந்தரம் சாகிராவையும் நாத்தனாரையும் உள்ளே அழைத்தார். அவர் தாமே மறுமுறை குழாய் விட்டபோது குடலில் கிள்ளி எடுத்த துணுக்குக்குச் சாயமேற்றி வைத்திருந்தார்.

"குடல்ல காவல் செல்லுங்க இருக்கும்மா. கிருமி வந்தா ரசாயனத்தைக் கொட்டும். உங்களுக்குக் கிருமி போயிடுச்சு, காவல் கலையல. கொட்டுறது பக்கத்து நரம்பு மேல பட்டுப்பட்டு, சும்மா சோறு போனாலே அது வலின்னு மூளைக்குச் சொல்லுது."

"அப்ப இது மனசு இல்லீங்களா சார்?"

"கவலை வலியைக் கூட்டும். ஆனா வலி பொய்யில்ல. இப்பத்தான் வெளிநாட்டுல இதை விவரமா எழுதுறாங்க. சாயத்துல ஊதாவாத் தெரியுறதுதான் அந்தக் காவல் செல்லுங்க. பாக்குறீங்களா?"

சாகிரா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். வெளிறிய நீலத்தினிடையே பொடி நிரம்பிய ஊதாப் புள்ளிகள், கும்பல் கும்பலாக! யாரும் நம்பாத வலிக்கு உருவம் இருந்தது.

"ருமைசா, வா! வந்து பாரு!"

ருமைசா குனிந்தாள், நெடுநேரம் நிமிரவில்லை.

"இம்புட்டா மச்சி? இது உங்க வயிறா?"

"பின்ன, உங்க அண்ணன் வயிறா?"

ருமைசா வாசலுக்கு ஓடிச் செல்போனில் கத்தியது உள்ளே வரை கேட்டது.

"அண்ணே, கேன்சல் பண்ணிடாதே! என் கண்ணால பாத்துட்டேன்! நீ வந்தாலும் போற வலி இல்ல இது. டாக்டர் மருந்து தராரு. நீ பேசாம அங்கயே கெட!"

சாகிரா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் வயிறு சுருக்கென்று பிடித்தது. ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு, வாசலுக்குப் போய் மறு கையால் ருமைசாவிடமிருந்து செல்போனை வாங்கினாள்.